நொடிக்கு நூறு தடவை

லோரோங் கூலிட் சந்தையில் ஞாயிறு காலை
மழை இறங்குமுன் கான்வாஸை மடித்துக்கொண்டிருந்தவரிடம்
வாங்கியது. நூற்றைம்பது சொன்னார்,
தொண்ணூறு வெள்ளிக்குத் தந்தார்.
"சுத்தும், பாடும், விளக்குதான் கொஞ்சம் சரியில்லை" என்றார்,
மாப்பிள்ளைக்கு ஒரு கண் லேசாக மங்கல்
என்று தரகர் சொல்வதுபோல.

லிஃப்ட் அன்று ஐந்தோடு நின்றுவிட்டது.
மீதி நான்கு மாடி இடுப்பில் வைத்து ஏறினேன்.
குணசீலனின் பஸ் அந்நேரம்
கொம்தாரைத் தாண்டியிருக்கும்.

தட்டின் விளிம்பெங்கும் புள்ளிகள், நான்கு வரிசை.
பக்கத்தில் விரல்நுனி அளவு கூண்டில் ஒரு நியான் பல்பு.
கண்ணாடிக்குள் கரி படிந்து
ஆரஞ்சும் இல்லை சிவப்பும் இல்லை,
காய்ச்சல்காரன் நாக்கின் நிறம்.
வேகம் சரியென்றால் ஒரு வரிசை அசையாமல் நிற்குமாம்.
நின்றது.
நடுங்கியது.
பிறகு பல்போடு சேர்ந்து காணாமல் போனது.

எனக்கு வேலை பாயான் லெப்பாஸில். இரவு ஷிப்ட்,
எல்இடி சோதனை லைன்.
சிமிட்டுகிற விளக்கு எங்களுக்குக் குறைபாடு:
சிவப்பு டப்பாவுக்குப் போகும்.
பதினோரு வருஷமாய் இமைக்காதவற்றை மட்டும்
நல்லவை என்று அனுப்பிவைக்கிறேன்.
(இந்த எல்இடி அங்கிருந்து வந்ததல்ல.
எங்கள் அங்கிக்குப் பை கிடையாது.
எண்பது சென். ரசீது இருக்கிறது.)

ஓய்வு நாள் இரவில் பிரித்தேன்.
பழைய பல்பை, ஆடும் பால்பல்லைப்போல
இரண்டு பக்கமும் அசைத்து எடுத்தேன்.
அதன் கம்பிகளை டேப் சுற்றி மூடிவிட்டு
டிரான்ஸ்ஃபார்மரின் பன்னிரண்டு வோல்ட்டில் இணைப்பெடுத்தேன்.
நான்கு டையோடு, ஒரு ரெசிஸ்டர்.
வெளிச்சம் துளியும் அசையாதிருக்கத்
தடியாக ஒரு கப்பாசிட்டர்.
யாரும் குறை சொல்ல முடியாத வேலை.

போட்டதும் எரிந்தது பாருங்கள்,
அப்படியொரு சிவப்பு.
தூசி தெரிந்தது, முந்தைய வீட்டுக்காரரின்
கைரேகைகூடத் தெரிந்தது.
புள்ளிகளைத்தான் காணோம்.
விளிம்பு முழுதும் ஒரே சாம்பல் நாடா.
வேகக் குமிழை இந்தப் பக்கம் திருகினேன்,
அந்தப் பக்கம் திருகினேன்.
மூன்று மணிக்குக் கோப்பி ஓ கலக்கும்போது
கரண்டி பாதியில் நின்றது:

அந்தக் கரிப்பல்பு ஒருநாளும்
தொடர்ந்து எரிந்ததே இல்லை.
நொடிக்கு நூறு தடவை அணைந்திருக்கிறது.
அணைந்து அணைந்துதான்
சுற்றுகிற ஒன்றை நிறுத்திக் காட்டியிருக்கிறது.

கப்பாசிட்டரைக் கழற்றினேன்.
சிவப்பு டப்பாவுக்குரிய விளக்கு இப்போது.
புள்ளிகள் வந்து வரிசையில் நின்றன,
பள்ளி மணிக்கு நிற்பதுபோல.

ஆனால் நிற்பது அதே புள்ளியல்ல.
ஒவ்வோர் இருட்டிலும் ஒன்று நகர்ந்துவிட
அதன் இடத்துக்கு அடுத்தது வந்துவிடுகிறது.
வெளிச்சம் வரும்போது
யாரோ ஒருவர் அங்கே இருக்கிறார், அவ்வளவுதான்.

தினமும் ஆறு நாற்பதுக்கு நான் உள்ளே வருவேன்,
அவன் வெளியே போவான்.
செருப்பு அலமாரியருகே, "சாப்பிட்டியா?"
"ம்."
"அப்படியே இருக்கீங்க அண்ணி, ரெண்டு பேரும்!" என்றாள்
தீபாவளிக்கு வந்த அவன் தங்கை நீலாவதி.

இன்று நான் உள்ளேயே இருந்தேன்.
சட்டையை மாட்டிக்கொண்டு வந்தவன் குனிந்து பார்த்தான்.
"தட்டு எங்க?"
பாட்டுத்தட்டு இன்னும் ஒன்றும் வாங்கவில்லை.
"புள்ளி நிக்குது பாரு" என்றேன்.

பார்த்தான். விளிம்பில் மெல்ல விரல் வைத்தான்.
புள்ளிகள் பின்னோக்கி நழுவின.
விரலை எடுத்ததும்
தயங்கி, திரும்பி, நின்றன.
மறுபடி வைத்தான்.
"பஸ்ஸுக்கு நேரமாகலையா?"
"ஆகுது" என்றான், விரலை எடுக்காமல்.

அந்தச் சிவப்பில், நகத்துக்குக் கீழே
குறுக்காக ஒரு தழும்பு.
ஆறி வெளுத்த, பழைய தழும்பு.
எனக்குத் தெரியாது அதை.